ஒரே ஒரு காக்கா தானே சார்!

ஆபீஸில் ஆணி அதிகம். அதனால் இரண்டு மாசமாக இந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. இன்றைக்கு வந்ததும் கொஞ்சம் கோபத்தோடுதான். பொறுத்துக்கொள்ளுங்கள் மக்களே.

கோபம் செத்த பறவைகளைப் பற்றியது. சிரிக்காதீர்கள். செத்துக் கிடக்கும் ஒரு காக்காவையோ, புறாவையோ, கொக்கையோ பார்த்ததும் நம்மாட்கள் என்ன செய்கிறார்கள்? புனே, மும்பை, டெல்லி, ஐதராபாத் என்று அபார்ட்மென்ட் அபார்ட்மென்டாகக் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களைத்தான் சொல்கிறேன். எல்லோரும் செய்வது ஒரே காரியம். வாட்ச்மேனைக் கூப்பிடுவது. "பையா, யே ஹடா தோ." வாட்ச்மேன் ஹவுஸ்கீப்பிங் ஆளைக் கூப்பிடுவார். அவர் ஒரு பழைய பேப்பரைக் கிழித்து, காலைப் பிடித்துத் தூக்கி, ஈரக்குப்பைத் தொட்டியில் போடுவார். மறுநாள் காலை குப்பை வண்டி வந்து எடுத்துக்கொண்டு போய்விடும். பத்து நிமிஷத்தில் எல்லாம் முடிந்தது. அதற்குள் நாம் லிஃப்டில் ஏறி வீட்டுக்குப் போய் ஃபில்டர் காபி குடிக்க ஆரம்பித்திருப்போம்.

இந்தப் பத்து நிமிஷ வேலை தப்பு என்பதுதான் நான் சொல்ல வந்தது. அந்தப் பறவை ஏன் செத்தது என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சி அந்த உடம்பு. அதை அழித்துவிட்டோம். அதில் ஏதாவது நோய் இருந்தால் அந்த ஆபத்தை நம்மைவிடப் பத்தில் ஒரு பங்கு சம்பளம் வாங்கும் ஒருவர் கையில் கொடுத்துவிட்டோம், அதுவும் கையுறைகூட இல்லாமல். இதற்குப் பேர் சுத்தமாம்.

இத்தனைக்கும் நாம் யார்? அமாவாசைக்கு அமாவாசை பால்கனி கம்பியில் சோறு வைத்துவிட்டு "கா... கா..." என்று கூப்பிடுகிற கூட்டம். பதினைந்தாவது மாடியிலிருந்து கூப்பிடுவோம். காக்கா வரும் வரை வீட்டில் யாரும் சாப்பிடக்கூடாது. வரவில்லை என்றால் அப்பாவுக்குக் கோபமோ, தாத்தாவுக்கு ஏதாவது குறையோ என்று முகம் வாடும். பொங்கலுக்கு மறுநாள் கணுப்பிடி என்று மஞ்சள் சோறு, சிவப்புச் சோறு எல்லாம் வைக்கிறோம். இங்கே மராத்திக்காரர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. பத்தாம் நாள் காரியத்தில் பிண்டத்தைக் காக்கா வந்து தொடும்வரை குடும்பமே வெயிலில் காத்து நிற்கும். இவ்வளவு மரியாதையும் உயிரோடு இருக்கும் காக்காவுக்குத்தான். அதே காக்கா பார்க்கிங்கில் மல்லாந்து கிடந்தால் முந்தாநாள் சாம்பார் வண்டலோடு அதுவும் சேர்ந்து போகிறது.

நிற்க. கொஞ்சம் பழைய கதை.

2020 டிசம்பர் கடைசியில் ராஜஸ்தானின் ஜாலாவாரிலும் மத்தியப் பிரதேசத்தின் இந்தூரிலும் காக்காய்கள் செத்து விழ ஆரம்பித்தன. பறவைகளின் மாதிரிகள் போபாலில் இருக்கும் தேசிய உயர் பாதுகாப்பு விலங்கு நோய் நிறுவனத்துக்குப் போயின. நாட்டில் பறவைக் காய்ச்சலை உறுதிசெய்யும் தலைமை ஆய்வகம் அதுதான். 2021 ஜனவரி முதல் வாரத்தில் மத்திய அரசு பட்டியல் வெளியிட்டது. நாலு மாநிலங்கள், 12 இடங்கள். கேரளத்தில் கோட்டயம், ஆலப்புழையில் வாத்துகள். இமாசலத்தில் காங்க்ரா மாவட்டத்து பாங் அணையில் வலசை வந்த பறவைகள். ராஜஸ்தானில் பாரன், கோட்டா, ஜாலாவார், மத்தியப் பிரதேசத்தில் மந்த்சௌர், இந்தூர், மால்வா. இந்த ஆறிலும் காட்டிக்கொடுத்தது காக்கா. கோழிப் பண்ணையில் எதுவும் வெடிப்பதற்கு முன்னாலேயே தெருவில் கிடந்த காக்காதான் அங்கே செய்தி சொன்னது.

பாங் அணையில் செத்தவற்றில் பெரும்பாலும் வரித்தலை வாத்துகள். இமயமலைக்கு மேலே பறந்து வருகிற பறவை. திருநெல்வேலிக்காரர்களுக்குக் கூந்தன்குளத்தில் பார்த்த ஞாபகம் இருக்கலாம். அந்தக் குளிர்காலத்தில் அந்த அணையில் மட்டும் ஆயிரக்கணக்கில் செத்தன.

அந்தப் பொங்கல் வாரம் டெல்லியில் இருந்தவர்களுக்கு இன்னும் நன்றாக ஞாபகம் இருக்கும். தமிழர்கள் நிறையப் பேர் குடியிருக்கும் மயூர் விஹாரில், மூன்றாம் பகுதிப் பூங்காவில் செத்த காக்காய்களிடம் எடுத்த மாதிரியில் பறவைக் காய்ச்சல் இருப்பதாக ஜனவரி 11-ஆம் தேதி வாக்கில் செய்தி வந்தது. நாலே நாளில் கணுப்பிடி. எத்தனை வீட்டில் அன்றைக்குப் பால்கனியில் சோறு வைத்துக் காக்காவைக் கைதட்டிக் கூப்பிட்டிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அவர்களைக் குற்றம் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர்கள் சொன்னால்தானே தெரியும்? சொல்ல வேண்டியவர்களுக்கும் யாராவது பார்த்துச் சொன்னால்தானே தெரியும்?

சரி, மேட்டருக்கு வருவோம். சென்ற குளிர்காலத்தில் எங்கள் சொசைட்டியில் ஒரே வாரத்தில் மூன்று காக்காய்கள். முதலாவது ஜெனரேட்டர் ரூம் பக்கம். இரண்டாவது குழந்தைகள் விளையாடும் சறுக்குமரத்துக்குப் பின்னால். இரண்டையும் நான் பார்க்கும் முன்பே அப்புறப்படுத்திவிட்டார்கள். மூன்றாவது தரையில் உட்கார்ந்து தலையை ஒரு பக்கமாகத் திருப்பித் திருப்பி ஆட்டிக்கொண்டிருந்தது, பறக்கவில்லை. சாயங்காலத்துக்குள் செத்துப்போனது. தங்கமணிதான் முதலில் பார்த்துவிட்டு, "ஏங்க, இது அடிபட்ட மாதிரி இல்லையே, வேற என்னமோ" என்றார். அவர் சொன்னபிறகுதான் போனை எடுத்தேன்.

நாலு எண்களுக்குப் போட்டேன். எந்தெந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை. எந்த ஊரில் போட்டாலும் இதே பாட்டுத்தான் கேட்கும் என்று என் நண்பர்கள் சொல்கிறார்கள். ஒருவர், "அது எங்க டிபார்ட்மென்ட் இல்லை" என்று வேறொரு எண்ணைக் கொடுத்தார். அந்த எண்ணில் இருந்தவர் முதல் எண்ணையே திருப்பிக் கொடுத்தார். மூன்றாமவர், "பத்துக்கு மேல செத்தா கூப்பிடுங்க" என்றார் (மீதி ஏழுக்கு நான் எங்கே போவது?). நாலாமவர்தான் இந்தத் தலைப்பைத் தந்த புண்ணியவான். "கித்னே கௌவே? ஏக்? அரே, ஏக் ஹி தோ ஹை சார்." ஒரே ஒரு காக்கா தானே சார்!

இந்த ஒரு வாக்கியத்தில்தான் எல்லாக் கோளாறும் இருக்கிறது. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எங்கள் சொசைட்டிக்காரன் ஒரு காக்காவைப் பார்க்கிறான். எதிர் சொசைட்டிக்காரன் ஒன்றைப் பார்க்கிறான். பின்னால் இருக்கும் பள்ளிக்கூடத்து ஆயா ஒன்றைப் பார்க்கிறார். டீக்கடைக்காரர் ஒன்று. காய்கறிச் சந்தையில் ஒன்று. ஒவ்வொருவருக்கும் அது "ஒரே ஒரு காக்கா". யாருடைய கண்ணிலும் பத்து காக்கா படவே படாது, ஏனென்றால் நகரத்தில் யாரும் பத்து காம்பவுண்டுக்குள் ஒரே நாளில் போய்ப் பார்ப்பதில்லை. ஐந்தையும் கூட்டி ஐந்து என்று சொல்லக்கூடிய இடம் ஊரிலேயே ஒன்றுதான் உண்டு, அது போனை எடுக்கும் அந்த நாற்காலி. அந்த நாற்காலியில் இருப்பவர் தேதி, இடம், எண்ணிக்கை என்று ஒரு நோட்டில் எழுதியிருந்தால் போதும். ஒவ்வொரு காக்காவுக்கும் ஜீப் அனுப்பச் சொல்லவில்லை. ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லவில்லை. எழுதிக்கொள்ளச் சொல்கிறேன். "பத்துக்கு மேல் செத்தால் கூப்பிடுங்கள்" என்பது, எண்ண வேண்டியவர் எண்ணாமல், எண்ண முடியாதவனைப் பார்த்து எண்ணச் சொல்வது.

கடைசியில் ஒரு நல்ல மனுஷரும் கிடைத்தார், அதையும் சொல்லிவிட வேண்டும். தெரிந்தவர் மூலமாக ஓர் அரசுக் கால்நடை மருத்துவரிடம் பேச முடிந்தது. பொறுமையாகக் கேட்டார். "தலையை ஆட்டுச்சா? எத்தனை மணிக்குச் செத்தது? உடம்பு இருக்கா?" என்றார். இந்த ஊர் வெயிலில் உடம்பு சீக்கிரம் அழுகிவிடும், அழுகினால் மாதிரி எடுத்துப் பிரயோஜனம் இல்லை, அன்றைக்கே சொல்லியிருந்தால் ஆள் அனுப்பியிருப்பேன் என்றார். கீழே ஓடிப்போய்ப் பார்த்தால் உடம்பு இல்லை. நான் நாலு எண்களுக்கு நடந்துகொண்டிருந்த நேரத்தில் எங்கள் மாவ்ஷி அதை எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டார். செகரெட்டரி உத்தரவாம். வண்டியும் போய்விட்டது. அந்த மூன்று காக்காய்களும் எதனால் செத்தன என்று இனிமேல் யாராலும் சொல்ல முடியாது.

மாவ்ஷி வெறுங்கையால்தான் எடுத்தார். அவர் குடியிருக்கும் இடத்தில் பின்பக்கம் நாலு நாட்டுக்கோழி வளர்க்கிறார், சாயங்காலம் போனதும் அதே கையால் அவற்றுக்குத் தவிடு வைப்பார். பறவைக் காய்ச்சல் காக்காவிடமிருந்து கோழிக்குப் போக இதைவிடக் குறுக்கு வழி கிடையாது. இந்தியாவில் மனிதருக்கு எச்5என்1 வந்து இறந்ததாக முதன்முதலில் பதிவானது 2021 ஜூலையில், டெல்லி எய்ம்ஸில். 11 வயதுப் பையன், ஹரியானாவைச் சேர்ந்தவன். மனிதருக்கு இது அபூர்வமாகத்தான் வரும், பயந்து சாக வேண்டியதில்லை. ஆனால் அந்த அபூர்வம் யாருக்கு வரும்? பதினைந்தாவது மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு இருப்பவனைவிட, செத்த பறவையைக் கையால் தொட்டுத் தூக்கியவருக்கு வருவதற்குத்தான் வாய்ப்பு அதிகம்.

செகரெட்டரியிடம் கேட்டேன். நோட்டீஸ் போடலாமா, குழந்தைகளை அந்தப் பக்கம் ரெண்டு நாள் விடவேண்டாம் என்று சொல்லலாமா என்று. பதில் என்ன தெரியுமா? "நோட்டீஸ் போட்டா ரீசேல் அடிபடும்." ஹூம்.

"நம்ம கடமை என்ன, சட்டத்தில் என்ன இருக்கிறது?" என்று கேட்கிறவர்களுக்காகக் கொஞ்சம் சட்டம். 2009-இல் விலங்குகளின் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டம் ஒன்று வந்தது. பறவைக் காய்ச்சல் அதன் பட்டியலில் இருக்கிறது. விலங்குக்குச் சொந்தக்காரர், அல்லது அதைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர், நோய் இருப்பதாகச் சந்தேகப்பட்டால் தகவல் சொல்லியே ஆகவேண்டும் என்கிறது. நல்ல சட்டம். ஆனால் காக்கா யார் பொறுப்பில் இருக்கிறது? கோழிக்குப் பண்ணைக்காரர் இருக்கிறார், மாட்டுக்குப் பால்காரர் இருக்கிறார். காக்காவுக்கு யாரும் இல்லை. வனவிலங்குச் சட்டத்தைப் பார்த்தாலோ, 2022-இல் திருத்தும்வரை காக்காவை எலியோடு சேர்த்துத் தொல்லை உயிரிகள் அட்டவணையில்தான் வைத்திருந்தார்கள். அந்த அட்டவணையையே இப்போது எடுத்துவிட்டார்கள். செத்த மயிலுக்கு மதிப்பு வேறு. பட்டியலில் இருக்கிற காட்டுயிர் செத்துக் கிடந்தால் அது மாநில அரசின் சொத்து என்று அதே சட்டம் சொல்கிறது; அப்படி ஒன்று உங்கள் கைக்கு வந்துவிட்டால் 48 மணி நேரத்துக்குள் போலீஸுக்கோ உரிய அதிகாரிக்கோ சொல்ல வேண்டும். தேசியப் பறவைக்கு இறுதி மரியாதை உண்டு, காக்காவுக்கு ஈரக்குப்பை.

நோய் என்றால் கால்நடைத்துறை. காட்டுயிர் என்றால் வனத்துறை. பிணம் என்றால் மாநகராட்சி. நோயால் செத்த காட்டுயிரின் பிணம் என்றால்? மூவரும் வர வேண்டும் என்று அர்த்தம். நடைமுறையில் மூவரும் வரத் தேவையில்லை என்று ஆகிவிட்டது.

"அப்படியே எடுத்துப் போட்டால் என்ன, கிடந்தால் என்ன, என்ன பெரிய வித்தியாசம்?" என்று கேட்பவர்கள் சாம்பர் ஏரிக் கதையைக் கேளுங்கள். ஜெய்ப்பூரிலிருந்து ரொம்பத் தூரமில்லை, உப்பு ஏரி. 2019 நவம்பரில் அங்கே 18,000-க்கும் அதிகமான பறவைகள் செத்தன. பறவைக் காய்ச்சலாக இருக்குமோ என்று முதலில் எல்லோருக்கும் பயம். போபால் ஆய்வகம் இல்லை என்றது. பரேலியில் இருக்கும் இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனம் அது பாட்டுலிசம் என்றது. ஒரு பாக்டீரியா உண்டாக்கும் நச்சு, பறவையின் நரம்பை முடக்கிவிடும். இறக்கை தொங்கும், கழுத்து நிற்காது, தண்ணீரில் முகம் கவிழ்ந்து சாகும்.

இதில் கவனிக்க வேண்டியது நச்சு பரவும் விதம். செத்த பறவையின் உடம்பில் அந்த நச்சு பெருகும். அந்த உடம்பில் புழு வைக்கும். புழுவுக்கு நச்சு ஒன்றும் செய்யாது, ஆனால் அதன் உடம்பில் தங்கும். நல்லா இருக்கும் இன்னொரு பறவை வந்து அந்தப் புழுவைத் தின்னும், அதுவும் விழும். அதன் மேல் மறுபடியும் புழு. ஆக, எடுக்காமல் விட்ட ஒவ்வொரு பிணமும் அடுத்த சாவுக்கு விருந்து. இதை நிறுத்த இருக்கும் முக்கியமான வழி பிணங்களைச் சீக்கிரம் கண்டுபிடித்து அள்ளி, முறையாகப் புதைப்பதோ எரிப்பதோதான். முதல் நூறு பிணங்கள் கிடந்த அன்றே ஆள் இறங்கியிருந்தால் என்ற கேள்வியைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் தானாகவே இந்த விஷயத்தைக் கையில் எடுத்து விசாரிக்கும் அளவுக்குப் போனது.

பறவைக் காய்ச்சல் இல்லை என்று தெரிவதும் ஒரு பதில்தான் என்பதை இந்த இடத்தில் அழுத்திச் சொல்கிறேன். பூச்சிமருந்தாக இருக்கலாம், மின்கம்பியாக இருக்கலாம், சங்கராந்திப் பட்டத்தின் மாஞ்சா நூலாக இருக்கலாம், எதிர் டவரின் கண்ணாடியாக இருக்கலாம். எது என்று தெரிந்தால்தான் என்ன செய்வது என்று தெரியும்.

தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு நம் பாறு கழுகுகளைவிடப் பெரிய உதாரணம் வேண்டாம். 1990-களில் பரத்பூர் கேவலாதேவ் பூங்காவில் கழுகுகள் குறைவதை பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் விபு பிரகாஷ் கவனித்தார். ஏதோ தொற்றுநோய் என்றுதான் ரொம்ப நாள் சந்தேகப்பட்டார்கள். பாகிஸ்தானில் செத்த கழுகுகளைச் சேகரித்து, வயிற்றைத் திறந்து, சிறுநீரகத்தைப் பார்த்து, திசுவைச் சோதித்த பிறகுதான் 2004-இல் விடை வெளியானது. டைக்ளோஃபினாக். மாட்டுக்குப் போட்ட வலி மருந்து. அந்த மாடு செத்து, அதைத் தின்ற கழுகு செத்தது. 2006-இல் இந்தியா கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தது. அதற்குள் வெண்முதுகுப் பாறுகளில் ஆயிரத்துக்கு ஒன்றுதான் மிச்சம் இருந்தது. ஆயிரத்துக்கு ஒன்று! செத்த பறவைகளின் உடம்பு பத்து வருஷம் முன்னாலேயே சரியான மேஜைக்குப் போயிருந்தால்...

அமெரிக்க உதாரணம் சொன்னால்தான் சிலருக்கு மனசு ஆறும் என்பதால் அதுவும் ஒன்று :-) 1999 கோடையில் நியூயார்க்கில் காக்காய்கள் செத்து விழுந்தன. அதே சமயம் சில முதியவர்கள் மூளைக்காய்ச்சலில் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். இரண்டும் வேறு வேறு என்றுதான் முதலில் பெரிய இடத்தில் நினைத்தார்கள். மனிதர்களுக்கு வந்தது செயின்ட் லூயிஸ் மூளைக்காய்ச்சல் என்றார்கள். பிராங்ஸ் மிருகக்காட்சி சாலையின் நோய்க்குறியியல் மருத்துவர் டிரேசி மெக்னமாரா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. செயின்ட் லூயிஸ் என்றால் பறவை சாகாதே, இங்கே சாகிறதே என்று விடாமல் கேட்டார். கடைசியில் அது அந்தக் கண்டத்துக்கே புதுசான வெஸ்ட் நைல் வைரஸ் என்று தெரிந்தது. அந்த வருஷம் நியூயார்க்கில் ஏழு பேர் செத்தார்கள். அதற்கப்புறம் அங்கே செத்த காக்காவைப் பார்த்தால் போன் செய்யுங்கள் என்று ஊர் ஊராக ஏற்பாடு செய்தார்கள். "ஒரே ஒன்று தானே" என்று கேட்கவில்லை. வரைபடத்தில் ஒரு புள்ளி வைத்தார்கள்.

இனி நம்மாட்களின் சாக்குகள். எங்கள் சொசைட்டியில் தூத்துக்குடி அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார், தங்கமான மனுஷர். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தம்பி, நாம பொழைக்க வந்த ஊரு. பாஷையும் அரைகுறை. நமக்கெதுக்கு இந்த வம்பு?" என்றார். அண்ணாச்சி, இருபது வருஷமாக இங்கே வரி கட்டுகிறீர்கள். பிள்ளைகள் மராத்தியில் சண்டை போடுகின்றன. இன்னும் எத்தனை வருஷம் பொழைக்க வந்தவர்களாகவே இருப்பது? சொந்த ஊரில் இருந்தால் மட்டும் போன் செய்திருப்போமா என்பது வேறு விஷயம். பாஷை ஒரு பிரச்சினைதான், ஒத்துக்கொள்கிறேன். மதுரைக்கார நண்பன் ஒருவன் இப்படித்தான் எங்கேயோ போன் போட்டு, "காக்கா மர் கயா" என்றிருக்கிறான். மராத்தியில் காகா என்றால் சித்தப்பா. எதிர்முனையில் இருந்த அம்மா ரொம்ப வருத்தப்பட்டு, எந்த ஆஸ்பத்திரி, எத்தனை வயசு என்றெல்லாம் விசாரித்தாராம். மராத்தியில் காவளா, இந்தியில் கௌவா. எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு சாக்கு கொஞ்சம் கனமானது. நாமக்கல் பக்கத்துச் சொந்தங்கள் உள்ளவர்கள் சொல்வது. "நீங்க பாட்டுக்குப் பறவைக் காய்ச்சல்னு கிளப்பி விட்டா முட்டை விலை விழும், பண்ணைக்காரன் பொழப்பு போகும்." இதில் நியாயம் இருக்கிறது. 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிராவின் நவாபூரில் இந்தியாவின் முதல் பறவைக் காய்ச்சல் உறுதியானபோது என்ன நடந்தது என்று பண்ணைக்காரர்களுக்குத் தெரியும். முதலில் ராணிகேத், அதாவது நம்மூர் வெள்ளைக்கழிச்சல் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். உண்மை தெரிந்தபோது லட்சக்கணக்கில் கோழிகளை அழிக்க வேண்டி வந்தது. தாமதமாகத் தெரிந்தால் நஷ்டம் கூடத்தான் செய்யும், குறையாது. பண்ணையில் நோய் வந்தால்தான் சுற்றிலும் ஒரு கிலோமீட்டருக்குக் கோழிகளை அழிப்பார்கள். காட்டுப் பறவையில் மட்டும் நோய் தெரிந்தால் அதற்காகக் கோழி வியாபாரத்துக்குத் தடை போடக்கூடாது என்பது உலக விலங்கு சுகாதார அமைப்பின் விதி. ஆகவே காக்காவைப் பற்றிச் சொல்வது பண்ணைக்காரருக்கு முன்கூட்டிக் கிடைக்கிற எச்சரிக்கை. வலையைக் கட்டு, தீவனத்தை மூடு, வெளியாளை உள்ளே விடாதே. முட்டையையும் கோழியையும் நன்றாக வேகவைத்துச் சாப்பிட்டால் வைரஸ் பிழைக்காது, அதையும் சேர்த்தே சொல்லலாம்.

இது பழங்கதை என்று வேறு சிலர் நினைக்கிறார்கள். 2025 ஜனவரியில் இதே மகாராஷ்டிராவில், லாத்தூர் மாவட்டம் உத்கீரில் செத்த காக்காய்களிடம் எச்5என்1 உறுதியானது. அதற்கு முந்தின மாசம் நாக்பூர் கோரேவாடாவில் மூன்று புலிகளும் ஒரு சிறுத்தையும் இதே வைரஸால் செத்தன. புலியே போயிருக்கிறது, நாம் ரீசேல் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே செய்யவேண்டியது இதுதான். தொடாதீர்கள், யாரையும் தொடவும் சொல்லாதீர்கள். குழந்தைகளையும் நாயையும் தள்ளி வையுங்கள். ஒரு பக்கெட்டைக் கவிழ்த்து மூடினால் போதும். போட்டோ எடுங்கள். எந்த இடம், எத்தனை, எப்போது பார்த்தீர்கள், சாகும் முன் எப்படி நடந்துகொண்டது என்று சொல்லுங்கள். மாவட்டக் கால்நடை அலுவலகத்துக்கும் வனத்துறைக்கும் அன்றைக்கே சொல்லுங்கள். ஒருவர் மறுத்தால் பேரையும் நேரத்தையும் கேட்டு எழுதிக்கொண்டு மெயிலும் போடுங்கள். எழுத்தில் வந்தால் அதற்கு ஒரு நம்பர் விழும். யாரும் வரமாட்டோம் என்று முடிவாகச் சொல்லிவிட்டால் கையுறையும் முகக்கவசமும் போட்டு, இரண்டு கவருக்குள் கட்டி எடுக்கட்டும். கையுறை வாங்கிக் கொடுப்பது சொசைட்டியின் செலவு. மாவ்ஷியின் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது (சிரிக்காதீர்கள், பிடிக்கிற சொசைட்டிகள் இருக்கின்றன).

அரசாங்கத்திடம் கேட்பது அதைவிடக் குறைவு. மூன்று துறைக்கும் பொதுவாக ஒரு நோட்டு. போன் செய்தவனுக்கு ஒரு எஸ்எம்எஸ். "உங்கள் தகவல் பதிவாகியது." சோதனை செய்தால் முடிவு, செய்யாவிட்டால் செய்யவில்லை என்ற பதில். ஒரு தடவை பதில் வந்தவன் அடுத்த தடவையும் போன் செய்வான். ஒரு தடவை எண்ணுக்கு எண் அலைக்கழிக்கப்பட்டவன் அடுத்த தடவை வாட்ச்மேனைத்தான் கூப்பிடுவான்.

பி.கு: மகாராஷ்டிராவில் இருப்பவர்களுக்கு. வனத்துறையின் உதவி எண் 1926. கால்நடை மருத்துவ ஊர்திக்கு 1962. எந்த மகானுபாவர் யோசித்தாரோ! இரண்டையும் ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கிறேன். தங்கமணி அதற்குக் கீழேயே பெரிசாக எழுதியிருப்பது: "2 முதல்ல வந்தா காடு, 6 முதல்ல வந்தா மாடு."